மூஞ்சைப் பார்த்து ஊத்து

அறுபதுகளின் கடைசியில், ஒரு மாசி மாதம், எங்கள் ஒரே பெண் காய்ச்சலில் போய்விட்டாள். ஐந்து வயது. நானும் அவளும் ஒரே தட்டில் சாப்பிட்டுப் பழகியவர்கள். தட்டின் ஒரு பக்கம் அவளுடையது. அதற்குப் பிறகு தட்டின் முன்னால் உட்கார்ந்தாலே அவள் பக்கம்தான் கண்ணில் படும். சோறு இறங்காது. தூக்கமும் போயிற்று. கையைத் தூக்கினால் வளையல் முழங்கை வரை போய் வந்தது.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கு இரக்கம் அதிகம். ஆளாளுக்கு ஏதாவது கொண்டுவந்தார்கள். ஒருத்தி மிளகு ரசம், ஒருத்தி விபூதிப் பொட்டலம், இன்னொருத்தி, "அடுத்தது பொறந்தா எல்லாம் சரியாப் பூடும்மா" என்ற ஆறுதல். அதைச் சொன்னவளை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. என் வீட்டுக்காரர் ஆறுதலே சொல்லவில்லை. சாப்பாட்டு வேளையில் தறியை விட்டு எழுந்து வந்து அவரே சோறு போடுவார். நான் பிசைந்து அப்படியே வைத்ததை எடுத்துப்போய் மாட்டுக்கு வைப்பார். அவருக்குப் பயம். அடுத்துப் போகப்போவது நான்தான் என்று நினைத்திருக்கிறார்.

வைகாசித் திருவிழா வந்தது. பெருமாள் கோயிலுக்குப் போகிற வழியில் எங்கள் தெருவார் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். அதை எடுத்து நடத்துகிறவள் எதிர்வீட்டு அக்கா. வீட்டில் தெலுங்கு, வெளியே அதட்டல். என்னைப் பார்க்க அவள் வெறுங்கையோடு வந்தாள்.

"மோர் ஊத்தறதுக்கு ஆள் பத்தல. எழுந்து வா."

"சாவு விழுந்த வீடுக்கா. வருசம் திரும்பல. நான் எப்படிக் கோயிலுக்கு..."

"கோயிலுக்கு யாரு கூப்ட்டாங்க? தெருவுல நின்னுக்கினு ஊத்தறதுக்குத் தீட்டு ஏதும்மா?"

எல்லோரும் எனக்குக் கொடுக்க வந்தார்கள். என்னிடம் ஒன்றைக் கேட்டு வந்தவள் அவள் ஒருத்திதான். மறுத்துப் பேசத் தெம்பில்லாமல் பின்னால் போனேன்.

வருகிறவர்கள் குனிந்து, இரண்டு கையையும் குவித்து வாயோடு சேர்த்துக்கொள்வார்கள். நாம் மேலிருந்து ஊற்ற வேண்டும். நான் சொம்பைப் பார்த்தபடி ஊற்றினேன். மாதக்கணக்கில் யார் முகத்தையும் நான் ஏறிட்டுப் பார்த்ததில்லை. பக்கத்துக் கிராமமான கூரத்திலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு மோர் மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்து, துண்டால் துடைத்துக்கொண்டு, கோபமில்லாமல்தான் சொன்னார்.

"மூஞ்சப் பாத்து ஊத்தும்மா. குடிக்கிறவன் போதும்னு எப்படிச் சொல்லுவான்? தலையத்தான் ஆட்டுவான்."

சுருக்கென்றது. அப்புறம் வேறு வழியில்லாமல் பார்க்க ஆரம்பித்தேன். வெயிலில் கறுத்த முகம், கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிற முகம், போதும் என்று ஆட்டிவிட்டுத் தெளிந்து நிமிர்கிற முகம். நாள் முழுக்க முகங்கள்தான். ராத்திரி கால் வலித்தது. அந்த வலியோடு கொஞ்சம் தூங்கவும் தூங்கினேன்.

கருட சேவையன்று கூட்டம் தெருவை அடைத்தது. ஒரு சின்னப் பெண் வந்து கையை நீட்டினாள். எங்கள் பெண் வயதுதான் இருக்கும். கையைச் சரியாகக் குவிக்கத் தெரியவில்லை. மோர் முழங்கை வழியாக ஒழுக ஒழுகக் குடித்தாள். எங்கள் பெண்ணும் இப்படித்தான் பாவாடையெல்லாம் நனைத்துக்கொள்வாள். பின்னால் அத்தனை பேர் தாகத்தோடு நின்றிருந்தார்கள், அழ முடியவில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டு ஓடிப்போனாள். நான் அடுத்த முகத்தைப் பார்த்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது வயிற்றைப் பிசைந்தது. என்னவென்று முதலில் விளங்கவில்லை. பசி. விளங்கியதும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. அவள் இல்லாத வீட்டில் இந்த வயிற்றுக்கு என்ன பசி? ஆனால் உடம்பு என்னைக் கேட்கவில்லை. நாளெல்லாம் அடுத்தவர் தாகத்துக்கு வேலை செய்துவிட்டு, தன் பங்குக்குச் சோறு கேட்டது.

வீட்டுக்காரர் வழக்கம்போலச் சோறு போட்டுக் கொடுத்தார். அவள் பக்கத்தைத் தொடாமல் என் பக்கத்தில் மட்டும் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். இறங்கியது. அழுகையும் கூடவே வந்தது. இன்னொரு வாய் வைத்தேன். வாய் நிறையச் சோறு, பேச முடியவில்லை. அவர் கரண்டியோடு குனிந்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் தலையை ஆட்டவில்லை. அவர் இன்னும் ஒரு கரண்டி போட்டார்.