மாடத்தில் பன்னிரண்டு பேர்

ஹெட்லி ஸ்டோபர்ட்டை ஹேசல்கில் ஊரில் யாரும் பொய்யர் என்று சொன்னதில்லை. பேய் என்றாலே சிரிக்கிற மனிதர். அவருக்குத்தான் இது நடந்தது. 1908 நவம்பர், லண்டன் பாராளுமன்றத்தில்... பட்டப்பகலில்.

எட்வின் கார்சைட் எங்கள் ஊர் எம்.பி. முன்பு எங்களோடு நிலக்கரி வெட்டியவர். வீடு வீடாக ஏறி இறங்கி அவரை ஜெயிக்க வைத்தவர் ஹெட்லி. தண்ணீர் தேங்கிய பழைய சுரங்கங்களின் பக்கத்தில் வெட்டக் கூடாது என்று சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டு வந்திருந்தார் கார்சைட். "மாடத்துல உக்காந்து கேளுய்யா. ஒரு பய வாயத் திறக்க முடியாதபடி பேசுறேன்" என்று ஹெட்லியை அழைத்திருந்தார்.

முந்தின நாள் விடியுமுன்பே ரயிலேறி வந்திருந்தார் ஹெட்லி. பார்வையாளர் மாடம் வெறிச்சோடிக் கிடந்தது. பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். ஈரக்கரி வாடை.

கத்பர்ட் டினியன். ஊர்க்காரன். வேலை உடுப்பு, முகமெல்லாம் கரி.

"ஏன்டா, துரைமார் வர்ற இடம். மூஞ்சியாவது கழுவக் கூடாதா? எப்படி உள்ள விட்டாங்க?"

"யாரும் கேக்கலண்ணே."

அவன் தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. டப்... டப்...

வெளியே மழை இல்லை.

கீழே கார்சைட் எழுந்தார்.

"அவன் பேச மாட்டாண்ணே."

"சும்மா இருடா."

கார்சைட் செருமினார். "அமைச்சரின் உறுதிமொழியை ஏற்று, இந்தத் திருத்தத்தைத் திரும்பப் பெறுகிறேன்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

ஹெட்லி இருக்கையை விட்டு எழுந்தார்.

டப்... டப்டப்... டப்...

திரும்பினார். வரிசை முழுக்க ஊர்க்காரர்கள். பன்னிரண்டு பேர். நனைந்து. இமைக்காமல். கார்சைட்டையே பார்த்துக்கொண்டு...

கத்பர்ட்டின் தோளைத் தொட்டார்.

கையில் பட்டது வெறும் பலகை.

ஹெட்லி படிகளில் உருண்டு விழாத குறையாகக் கீழே ஓடினார். நடைவழியில் கார்சைட்டின் சட்டையைப் பிடித்தார்.

"எங்கள வித்துட்டியேடா! என்ன குடுத்தாங்க? பதவியா?"

கார்சைட் முகத்தில் சொட்டு ரத்தமில்லை. "மேல... உன் பக்கத்துல... கத்பர்ட்டு..."

"நீயும் பாத்தியா?"

"பன்னெண்டு பேரும் நேத்தே செத்துட்டாங்கன்னு சுரங்க முதலாளி காலையிலதானே தந்தியில சொன்னாரு!"

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்ததென்று அவருக்கு உறைத்தது. ஹெட்லி பிடியை விட்டார். நேரே ஊருக்கு ரயிலேறினார்.

ஹெட்லி கிளம்பிய அன்று காலையில்தான் பழைய சுரங்கத்துத் தண்ணீர் உடைத்துக்கொண்டு, அந்தப் பன்னிரண்டு பேரும் வேலை செய்த சுரங்கத்துக்குள் புகுந்திருந்தது. யாரும் பிழைத்திருக்க முடியாது என்று சொல்லி, முதலாளி அன்றே தேடலை நிறுத்திவிட்டார்.

ஊரார் சண்டை போட்டு, பம்பு வைத்து இறைத்தார்கள். தண்ணீர் ஏறாத ஒரு மேட்டில் பன்னிரண்டு பேரும் கிடைத்தார்கள். ஒருவரும் மூழ்கிச் சாகவில்லை. காற்று கெட்டு, மெல்ல மெல்லப் போயிருக்கிறார்கள்.

டாக்டர் ஹெட்லியிடம் தனியாகச் சொன்னது இது. தண்ணீர் புகுந்து மூன்றாம் நாள்வரை அவர்கள் உயிரோடுதான் இருந்தார்கள்.

ஹெட்லி மாடத்தில் உட்கார்ந்திருந்தது... இரண்டாம் நாள்.