ஆப்பிளா, கொய்யாவா

தேரடித் தெருவில் தள்ளுவண்டியில் பழம் விற்ற அந்த அக்காவை ஒரே முறைதான் பார்த்தேன். நெற்றி நிறைய விபூதி, வாயில் வெற்றிலை. ஒவ்வொரு பழத்தையும் முகர்ந்து பார்த்த பிறகே தராசில் வைத்தார். அழுகல் கலந்திருக்குமோ என்று அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

காய்ச்சலில் இளைத்துப்போன என் மூன்று வயது மகளுக்குப் பழம் கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நான் ஆப்பிள் கேட்டேன்.

“கொய்யா எடுத்துக்கோம்மா. ஆப்பிளவிட சத்து ஜாஸ்தி.”

கொய்யாவில் வைட்டமின் சி பல மடங்கு அதிகம் என்று நானும் படித்திருந்தேன். ஆனால் வண்டியில் கொய்யா குவிந்து கிடந்தது, சீக்கிரம் கனிந்துவிடும். ஆப்பிள் தாங்கும். அதனால்தான் தள்ளிவிடப் பார்க்கிறாரோ?

“சளி புடிக்காதாக்கா?”

“ஐஸ்கிரீம் துன்னுட்டு கொய்யா மேல பழி போடுவீங்க!”

“உங்க பேத்திக்கு எது குடுப்பீங்க?”

கையிலிருந்த பழத்தை முகராமலே கீழே வைத்தார்.

“ஆப்பிள்தாம்மா. அது கொய்யாவ துப்பிடுது.”

கொய்யா என்று சொல்லியிருந்தால் நம்பாமல் ஆப்பிளோடு போயிருப்பேன். இப்படிச் சொன்னதால் இரண்டிலும் அரைக் கிலோ வாங்கினேன். அவர் சொன்னது உண்மையா, அதுவும் வியாபாரமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.