பெரூஜாவில் மாதா காட்டிய ஆள்

மகள் போனில் அழுதபோது நான் ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் வீட்டுக் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். "அம்மா, நான் திரும்பி வாறன்" என்றாள். கத்தியைக் கீழே வைத்தேன்.

மகள் நிரோஷி போன புரட்டாதியில் படிக்கவென்று இத்தாலிக்குப் போனவள். பெரூஜா என்று மலைமேல் ஒரு பழைய நகரம். பழுதாய்ப்போன பழைய ஓவியங்களைத் திருத்துகிற படிப்பு. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அதுதான் ஆசை. படிக்க இடம் கிடைத்தது, தங்க அறை கிடைக்கவில்லை. வெளிநாட்டுப் பிள்ளைக்கு அறை தருவதென்றால் உள்ளூர் ஆள் ஒருவர் பொறுப்பு நிற்க வேண்டுமாம். எங்களுக்கு அங்கே யார்? ஹொஸ்டலில் இருந்த இடமும் ஞாயிறோடு முடிகிறது. ஹோட்டலில் வைத்துப் படிப்பிக்க நான் என்ன, பணக்காரரைப் போல மார்க்கம் நகரில் மாளிகை கட்டியா வைத்திருக்கிறேன்? மனுசனும் கண்ணை மூடிவிட்டார். பேக்கரிச் சம்பளத்தில் சீவிக்கிற ஆள் நான்.

நான் மன்னாரில் பிறந்தவள். கஷ்டம் என்றால் எனக்கு எங்கள் ஊர்ப்பக்கத்து மடுக் கோயில் மாதாதான். அடுப்புக்கு மேலே அவவின் படம் இருக்கிறது. மீன் கையைக் கழுவிவிட்டு நேரே போய்ச் சண்டை பிடித்தேன். "தாயே, உம்மட காட்டுக்கோயிலுக்கு நடந்து வந்த குடும்பம் இது. என்ர பிள்ளையைத் தெருவில விட்டிடாதையும். எங்கட ஆள் ஒருத்தரைக் காட்டும். ஒரே ஒருத்தர் எண்டாலும் காணும்." எங்கட ஆள் என்றால் யாரென்று மாதாவுக்குத் தெரியாதா? அதனால் விளக்கிச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் பெட்டியோடு பூசைக்குப் போயிருக்கிறாள். கடைசி வாங்குப் பலகையில் இருந்து அழுதிருக்கிறாள். பக்கத்தில் ஒரு பெண் வந்து இருந்து, இலங்கையா என்று கேட்டிருக்கிறா. பிறகு பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு தன் வீட்டை நோக்கி முன்னே நடந்துவிட்டா.

"ஆரடி அவ?" என்று வீடியோவில் கேட்டேன்.

"சந்திரா அன்ரி. சிங்கள ஆக்கள், அம்மா."

சண்டைக்குள்ளே ஊரைவிட்டு ஓடி வந்தவள் நான். வெளியில வா பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் மகள் போனைத் திருப்பினாள். அந்தப் பெண் அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டு நின்றா. அவவின் தலைக்கு மேலே, சுவரில், மடு மாதா. என் வீட்டில் இருக்கிற அதே படம்.

"அக்கா, பயம் வேணாம்" என்று தெரிந்த தமிழில் சொன்னா. "மாதா எங்களுக்கும் அம்மாதானே. புள்ள இங்க இருக்கட்டும்."

நான் அழுதேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. அடி என்ர தாயே, கேட்ட ஆளைத்தான் காட்டியிருக்கிறீர், எனக்கல்லவோ அடையாளம் தெரியவில்லை!

சந்திரா அங்கே ஒரு வயதான அம்மாவைப் பராமரிக்கிற வேலை செய்கிறா. வாடகைக்கு மகளிடம் வாங்குகிற காசுக்கு ரொறன்ரோவில் ஒரு காரைக்கூட மாதம் முழுக்க நிறுத்த முடியாது. சந்தை மூடுகிற நேரம் போனால் தக்காளி மலிவு என்று காட்டிக் கொடுத்தா. பஸ்ஸும் தேவையில்லை, படிக்கட்டில் ஏறி இறங்கி மகளுக்குக் கால் இரும்பாகிவிட்டது. அந்த ஊர் பேக்கரிப் பாணில் உப்பே போட மாட்டார்களாம். இரண்டு பேரும் உறைப்பான கட்டைச் சம்பலோடு அதை ஒரு பிடி பிடிக்கிறார்களாம். படிப்பும் நன்றாகப் போகிறது.

இந்த வருஷம் சந்திரா எனக்குப் போன் எடுத்தா. அவவின் மகளுக்கு ரொறன்ரோவில் நேர்ஸிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அறைதான் இல்லை.

"மாதாக்கிட்ட கேட்டேன், அக்கா" என்றா.

"என்ன கேட்டனீங்கள்?"

"எங்கட ஆள் ஒருத்தர காட்டச் சொல்லி."

நிரோஷியின் கட்டிலுக்கு அன்றைக்கே புது விரிப்புப் போட்டேன். இப்போது அந்தப் பிள்ளை அதில்தான் படுக்கிறாள். என்னை அம்மா என்கிறாள்.

ஆகவே கேளுங்கள். நல்லாய்ச் சண்டை பிடித்துக் கேளுங்கள், மாதா கோபிக்க மாட்டா. ஆரை அனுப்புவது என்று மட்டும் அவவுக்குப் படிப்பிக்க வேண்டாம். பெல் அடித்தால் எழும்பிப் போய்க் கதவைத் திறவுங்கள்.