ஆறு தட்டு

நம்பாதவங்க நம்ப வேண்டாம். நான் லாரி மெக்கானிக். கையில கிரீஸ் ஒட்டினாத்தான் எதையும் நம்புற ஆளு. அப்படிப்பட்ட எனக்கு, பட்டப்பகல் ஒண்ணு இருபதுக்கு நடந்தது இது.

எங்க பட்டறையில நின்ன அந்த லாரி மச்சான் ஓட்டினது. அக்கா வீட்டுக்காரர். பத்து நாளுக்கு முன்னாடி தரைப்பாலத்துல வெள்ளத்தைக் கடக்கும்போது வண்டி நடுவுல நின்னுடுச்சு. தண்ணி மளமளன்னு ஏறிடுச்சு. மச்சான் உயிரோட கரைக்கு வரவே இல்ல. "தண்ணியைப் பார்த்தும் இறக்கினான், அவ்வளவு திமிரு"ன்னு லாரி முதலாளி ஊர் பூரா சொல்லிட்டிருந்தார். அக்கா என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"வண்டியைப் பிரிச்சுப் பாருடா. அவர் தப்பா, இல்லையா... எனக்குத் தெரியணும்."

பிரிச்சேன். பின் அச்சோட அடி நட்டைக் கழட்டினதும் ஆயில் பால் டீ நிறத்துல கொட்டுச்சு. சூடான தகட்டுல ஒரு சொட்டு விட்டேன். சடசடன்னு வெடிச்சுது. தண்ணி கலந்திருக்கு. வெள்ளத்துல முங்கின வண்டிதானேன்னு நினைச்சேன். ஆனா வலது பின்பக்க டயர் ரெண்டையும் இறக்கி பேரிங்கைப் பார்த்தா... குழி குழியா அரிச்சு, செங்கல் நிறத்துல துரு. பத்து நாள்ல இவ்வளவு அரிக்காது. மாசக்கணக்கா உள்ள தண்ணி இருந்திருக்கு. சக்கரம் இறுகித்தான் வண்டி நின்னிருக்கு.

மச்சான் தப்பு இல்ல! ஆனா வெள்ளத்துக்கு முன்னாடியே தண்ணி எப்படி உள்ள போச்சு?

எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. நான் மட்டும் வண்டிக்கு அடியில படுத்திருந்தேன். வெளிய வெயில் கொளுத்துது.

டொக்.

முன் டயரை யாரோ கம்பியால தட்டுறாங்க.

டொக்...

மச்சானுக்கு அந்தப் பழக்கம் உண்டு. ஏறுறதுக்கு முன்னாடி சுத்தி வந்து ஒவ்வொரு டயரையும் தட்டுவார். காத்து இருக்கான்னு சத்தத்துலயே சொல்லிடுவார்.

"யாருப்பா அது?"

தலையைத் திருப்பிப் பார்த்தேன். எந்தப் பக்கமும் கால் தெரியல. மூணு... நாலு... அஞ்சு... ஆறு.

நான் கழட்டினது போக வண்டியில நாலு டயர்தான் இருந்துச்சு.

"மச்சான்...?"

ணங்!

என் தலைக்கு மேல. அச்சு இரும்புல. வலது காதுல சுரீர்னு ஒரு வலி. எதுலயோ இடிச்சுக்கிட்டேன்னு நினைச்சேன்.

சத்தம் வந்த இடத்துல அச்சோட மூச்சுக் குழாய். சூடானா உள்காத்து அது வழியாத்தான் வெளிய போகணும். அதை நீல டேப் அடைச்சிருந்துச்சு.

வாட்டர் சர்வீஸ் பண்ணும்போது தண்ணி போயிடக் கூடாதுன்னு நாங்க ஒட்டுற டேப். மறக்காம எடுக்கணும்னு அதுல தேதி எழுதுவோம். நாலு மாசத்துக்கு முந்தின தேதி.

என் கையெழுத்து.

காத்து போக வழியில்லாம, சக்கரத்துக்கிட்ட ஆயிலைத் தடுக்குற ரப்பர் சீலைத் தள்ளியிருக்கு. அந்த வழியாத்தான் தண்ணி... ஐயோ, நான்தான். நான் பாவி.

டேப்பைப் பிச்சு சட்டைப் பையில ஒளிச்சேன். மணி ஒண்ணு நாற்பது.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். "அவர் மேல தப்பில்லக்கா, பேரிங் போயிருந்துச்சு"ன்னு மட்டும் சொன்னேன். ரொம்ப நேரம் அழுதா. அப்புறம் ஆஸ்பத்திரியில மச்சான் உடம்போட கொடுத்த கவரை எடுத்துட்டு வந்தா. ஒட்டினது ஒட்டினபடி இருந்துச்சு.

"எனக்குத் தெம்பில்லடா. நீ பிரி."

வாட்ச். சீப்பு. சாவி.

நீல டேப்... அதே தேதி. அதே கையெழுத்து.

என் பையைத் தடவினேன். காலி. துணி மட்டும் ஈரமா இருந்துச்சு.

"ஓ, இதுதானா?"ன்னா அக்கா. "அவர் போன அன்னைக்குக் காலையில ஃபோன்ல ஒரே சிரிப்பு. 'உன் தம்பி ஒரு வேலை பண்ணி வச்சிருக்கான், நான் எடுத்துட்டேன். யார்கிட்டயும் சொல்லாதே, அவன் பேரு கெட்டுடும். வந்து காதைத் திருகுறேன்'னாரு. என்னடா வேலை அது?"

எல்லாத்தையும் சொன்னேன். அக்கா உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. இன்னைக்கு வரைக்கும் என்கூடப் பேசல.

வெளிய வந்து பைக் கண்ணாடியில பார்த்தேன். வலது காது மடல்ல ரெண்டு விரல் தடம், சிவப்பா.

எரிச்சல் மூணு நாள் இருந்துச்சு. அது போனப்புறம்தான் நான் உட்கார்ந்து அழுதேன்.