அரைக் குந்து

அடுத்தவன் காலை வாரிவிட்டுப் பிழைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். என்னை வாரிவிட்டது என் சொந்தக் கால். அம்பத்தூரில் ஒரு அரிசி குடோனில் மூட்டை தூக்குபவன் நான். நடந்துகொண்டே இருப்பேன், இடது முட்டி சொல்லாமல் கொள்ளாமல் மடங்கிவிடும். வலித்தாலாவது நாலு பேர் பாவம் என்பார்கள். வலிக்காமல் விழுகிறவனைக் குடிகாரன் என்பார்கள். முன்பு குடித்துத் திரிந்து நான் வாங்கிய பெயரும் அதற்கு ஒத்துழைத்தது.

ஒருநாள் மூட்டையோடு சரிந்தேன். மேஸ்திரி வந்தார்.

"திங்கக்கெழம ஒழுங்கா நின்னு தூக்கு. இல்லாட்டி வராத."

தொடைச் சதை இளைத்துவிட்டது, இனி ஏறாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மிச்சம் இருந்தது முட்டிக்குப் போடும் பெல்ட்டுதான்.

முதலில் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய எலாஸ்டிக். பாதத்தை வெட்டியெடுத்த சாக்ஸ் மாதிரி இருக்கும். கதகதப்பாக இருந்தது. முட்டி அந்தக் கதகதப்பில் சுகமாக மடங்கியது.

அடுத்தது, நூம்பலில் மனைவி வேலை செய்யும் வீட்டில் கொடுத்தது. இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, நடுவில் கீல். தொடை என்று ஒன்று உள்ளவருக்குச் செய்தது போல. பட்டாபிராம் ஸ்டேஷன் படி ஏறி முடிப்பதற்குள் கணுக்காலுக்கு இறங்கிவிட்டது.

"இன்னாயா, கொலுசு போட்டுகினு வர்ற?" என்றாள் கூட வந்த மனைவி.

கடைசியாக ஆஸ்பத்திரியில் கொடுத்தது. தொடையிலிருந்து குதிகால் வரை கம்பி, முட்டியில் லாக். லாக் போட்டால் கால் மடங்கவே மடங்காது. தெருமுனை வரை விழாமல் போய் வந்தேன். வாசலில் நின்று பார்த்த மனைவி அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள்.

திங்கட்கிழமை. எங்கள் தொழிலில் மூட்டை வாங்குபவன் முட்டியைக் கொஞ்சம் மடக்கிக் குனிய வேண்டும். அதற்குப் பெயர் அரைக் குந்து. அப்போதுதான் மற்ற இருவர் பிடரியில் மூட்டையை வைக்க முடியும். நான் கரண்ட் கம்பம் மாதிரி நின்றேன்.

"குந்து மாமே," என்றான் என் ஜோடிக்காரன்.

"லாக்கு போட்டுகீறேன்டா. குந்த வராது."

"அப்ப ஏணி வெச்சா மூட்டைய ஏத்துறது?"

எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவன் நான். லாக்கை எடுத்துவிட்டு அரைக் குந்து போட்டேன். மூட்டை பிடரியில் உட்கார்ந்தது. நான் தரையில் உட்கார்ந்தேன். அரிசி சிதறியது.

மேஸ்திரி கையைப் பிடித்து எழுப்பினார்.

"ஊட்டுக்குப் போ நைனா."

திட்டியிருந்தால் மறுநாளும் போயிருப்பேன். நைனா என்றுவிட்டார்.

சாயங்காலம் ஜோடிக்காரன் நான் விட்டுவந்த சாப்பாட்டு டப்பாவோடு வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை. ஆணியில் தொங்கிய எலாஸ்டிக்கையே பார்த்தான்.

"அது சும்மாதான கீது மாமே? எனுக்கும் லேசா வாருது. மேஸ்திரியாண்ட சொல்லிடாத."

"எந்தக் காலுடா?"

"ரெண்டும்தான்."

என்னிடம் ஒன்றுதான் இருந்தது. மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தேன்.