எத்தனை பேருக்குப் பானை

வெர்லின் காசோவின் கதையை மூன்று பானைகளில் சொல்லி முடித்துவிடலாம். கேட்டால் அவனுக்குக் கோபம் வரும், வரட்டும். அறுபத்தேழு வயது ஆளை அவன் இவன் என்று சொல்வதாக யாரும் முகம் சுளிக்க வேண்டாம். ஹால்வர்ட் ஃபால்ஸ் காகித ஆலையில் அவனோடு மூன்றாம் இயந்திரத்தில் நின்ற எங்களில் யாரும் அவனை வேறு மாதிரி அழைத்ததில்லை.

முதல் பானை அவனுடையதே அல்ல. அவன் மனைவி மார்லிஸ் ஆகஸ்டில் தக்காளி வேகவைத்துப் பாட்டிலில் அடைக்கிற ஐந்து கேலன் எனாமல் பானை. கல்யாணமான புதிதில் வீட்டிலேயே பீர் காய்ச்சும் ஆசை வந்து, ஐந்து கேலன் பீருக்கு ஐந்து கேலன் பானை சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டான். புதிதாகக் காய்ச்சுகிற எல்லோரும் செய்கிற முட்டாள்தனம்தான். பானையில் எழுதியிருக்கிற அளவு பானையின் அளவு, பீரின் அளவு இல்லை என்பது முதல் கொதியில்தான் புரியும். முளைகட்டிய பார்லியின் சாறு நுரைத்துப் பொங்கி அடுப்பு, தரை, மார்லிஸின் செருப்பு எல்லாவற்றிலும் பாகாக இறங்கியது.

“ஆலையிலயும் இப்படித்தான் வேலை பாக்குறியா? உன்ன எப்படி இன்னும் வச்சிருக்காங்க?” என்றாள் மார்லிஸ். துடைக்கும் துணியை அவன் கையில் திணித்துவிட்டு, இனிமேல் எல்லாம் கராஜில்தான் என்று சொல்லிவிட்டாள்.

அந்த ரோஷத்தில் வாங்கியதுதான் இரண்டாவது. பதினைந்து கேலன் பிடிக்கும் எஃகுப் பானை. ஒரு ஆட்டுக்குட்டியை நிறுத்திக் குளிப்பாட்டலாம் என்பாள் மார்லிஸ். ஆனால் அந்த அளவு வீம்புக்காக மட்டும் வாங்கியதல்ல. நவம்பரில் மான் வேட்டைக் காலம் ஒன்பது நாள். எங்கள் ஷிப்டில் எட்டுப் பேர் காட்டுக் குடிலுக்குப் போவோம். அங்கே சட்டம் போட்டவன் ஓரின் டெஷ், வெர்லினின் உயிர் நண்பன். துப்பாக்கியைப் பூட்டி வைத்த பிறகுதான் முதல் பாட்டில். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று, நான்காவது கிடையாது. எட்டுப் பேர், ஒன்பது நாள், ஆளுக்கு மூன்று. அந்தப் பானையில் இரண்டு தடவை காய்ச்சினால் கணக்கு நேராகும். முப்பது வருடம் நேராகத்தான் இருந்தது.

பிறகு ஆலையை மூடினார்கள். மூடிய வருடமே இரண்டு பேர் வேலை தேடி டெக்சாஸ் போனார்கள். ஒருவன் மீன் பிடிக்கப் போன படகிலேயே மாரடைப்பில் போனான். நான் இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு துப்பாக்கியை விற்றுவிட்டேன். இன்னொருவன் ஏதேதோ சாக்குச் சொல்லி நின்றுவிட்டான். நடுவில் ஒரு மார்ச் மாதம் மார்லிஸ் இறந்தாள். வெர்லின் அழுததை யாரும் பார்க்கவில்லை. ஆனால் அந்த வருடத் தக்காளியைச் செடியிலேயே அழுக விட்டான்.

போன நவம்பரில் குடிலுக்குப் போனது மூன்று பேர். அதில் ஒருவன் இதுதான் கடைசி என்று சொல்லிக்கொண்டே வந்தான். வெர்லின் பெரிய பானையிலேயே கொஞ்சமாகக் காய்ச்சினான். அகலமான பானையில் கொஞ்சம் ஊற்றினால் என்ன ஆகும்? பாதி ஆவியாகப் போனது. பானையின் பக்கவாட்டில் பதித்திருந்த தெர்மாமீட்டர் சாற்றைத் தொடாமல் மேலே வெறும் காற்றை அளந்துகொண்டிருந்தது. மீந்தது கறுப்பாக, கெட்டியாக, நாக்கைப் பிடுங்கும் கசப்போடு இருந்தது.

“டேய், இது பீரா இருமல் மருந்தா?” என்று கேட்டான் ஓரின். ஆனாலும் மூன்று பாட்டிலையும் குடித்தான். “அடுத்த வருஷம் ஒழுங்கா ஒரு சின்னப் பானையா வாங்கு. நீயும் நானும்தான மிச்சம்.”

அந்த ஒரு வார்த்தையைத்தான் வெர்லின் வருடம் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தான். ஓரின் வந்தால் குடில் உண்டு. அவனும் வராவிட்டால் அது மரத்தடியில் நாலு பலகை. செப்டம்பர் கடைசியில், பீர் பக்குவப்பட ஏழு வாரம் வேண்டுமே என்று ட்ரூடியின் கடைக்குப் போனான். பீர் காய்ச்சும் சாமான் விற்க எங்கள் பக்கத்தில் மிச்சமிருப்பது அவள் கடை ஒன்றுதான். மற்ற கடைகள் இருந்த காலத்தில் அங்கே எத்தனை கேலன் என்று கேட்பார்கள். ட்ரூடி வேறு மாதிரி கேட்பாள்.

“எத்தன பேருக்கு வெர்லின்?”

“ரெண்டு.”

“மான் வேட்டைக்கா? ஒன்பது நாளுமா?”

“ஆமா.”

“அப்ப எட்டு கேலன் பானை எடுத்துக்கங்க. அஞ்சு கேலன் பீர் வரும், நுரைக்கும் இடம் இருக்கும். ரெண்டு பேருக்கு அளந்த மாதிரி இருக்கும்.”

வெர்லின் எட்டு கேலன் பானையைத் தூக்கிப் பார்த்தான், உள்ளே எட்டிப் பார்த்தான், கீழே வைத்தான். பக்கத்தில் ஐந்து கேலன் பானை இருந்தது. அதன் கைப்பிடியிலேயே அவன் கை நின்றது.

“அதுல மூணு கேலன்தான் வரும். முப்பது பாட்டில்கூடத் தேறாது. ரெண்டு பேருக்கு எப்படிப் பத்தும்?” என்றாள் ட்ரூடி.

“ஓரின் இப்பல்லாம் அவ்வளவா குடிக்கறதில்ல. இதவிடச் சின்னது இருக்கா?”

“இதுக்குக் கீழ போனா அது பீர்ப் பானை இல்ல. சூப்பு வைக்கிற பாத்திரம். மளிகைக் கடைக்குத்தான் போகணும்.”

ஐந்து கேலன் பானையை வாங்கிக்கொண்டு வந்தான். அடுத்த சனிக்கிழமை கராஜில் காய்ச்சினான். பொங்கவில்லை, வற்றவில்லை, தெர்மாமீட்டர் சாற்றுக்குள்ளேயே இருந்தது. ஈஸ்ட் போட்டு மூடிவிட்டு, துடைக்க ஒன்றும் இல்லாமல் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை, மீன் வறுவலுக்கு நாங்கள் போகிற மதுக்கடையில் ஓரின் வெர்லினுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். மீனைத் தொடவில்லை.

“டேய் வெர்லின். வீட்ட வித்துட்டேன்.”

“எந்த வீட்ட?”

“எனக்கு எத்தன வீடுடா இருக்கு? பொண்ணு அரிசோனாவுல ரூம் ஒழிச்சு வச்சிருக்கா. பத்தாம் தேதி கிளம்பறேன்.”

“இருபத்திரண்டுதானடா மான் காலம் தொடங்குது. அது முடிச்சுட்டுப் போயேன்.”

“வண்டியிலருந்து வீட்டு வாசலுக்கு நடக்கவே ரெண்டு தடவ நிக்கறேன். மரத்து மேல ஏறி மான் சுடப் போறேனா?”

வெர்லின் உருளைக்கிழங்கை வெட்டினான். வெட்டியதையே மறுபடி வெட்டினான்.

“அங்க மான் இருக்கா?”

“டிவியில இருக்கும்.” ஓரின் சிரிக்கப் பார்த்தான், இருமல்தான் வந்தது. “பீர் எப்படி வந்திருக்கு?”

“நல்லா வந்திருக்கு.”

“நீயே குடி. என் பங்கையும் சேத்து.”

இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் ஓரின் அழுதிருப்பான். அதனால் வெர்லின் கூப்பிடவில்லை. ஆனால் அவனுக்கு உள்ளுக்குள் ஆத்திரம் பொங்கியது: ஓரின் மேல், அவன் மகள் மேல், ஆலையை மூடியவர்கள் மேல், மார்லிஸ் மேலும்கூட. வீடு வந்ததும் கராஜில் பெரிய பானையை ஓங்கி உதைத்தான். கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது. பானைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இருபத்திரண்டாம் தேதி மத்தியானம் குடிலுக்கு அவன் மட்டும் போனான். போகாவிட்டால் வேறு எங்கே போவது? எட்டுக் கட்டிலும் அப்படியே கிடந்தன. ஒன்றில் தன் படுக்கையை விரித்தான். சீட்டுக்கட்டு அலமாரியில் இருந்தது. நாங்கள் ஆடும் ஆட்டத்துக்கு மூன்று பேராவது வேண்டும். துப்பாக்கியை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. பூட்டியேதான் இருந்தது, சட்டப்படி பாட்டிலைத் தொடலாம்.

பெட்டியைப் பிரித்து மேசைமேல் அடுக்கினான். பழைய பழக்கம், நாளுக்கொரு வரிசையாக வைத்தான். மூன்று, மூன்று, மூன்று. ஒன்பதாவது வரிசையில் மூன்றாவது பாட்டிலை வைத்தபோது பெட்டி காலி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு ஆளுக்கு ஒன்பது நாள்.

ட்ரூடியின் கடை அவன் நினைவுக்கு வந்தது. வாய் ரெண்டு என்று சொன்னது. கை ஒருவனுக்கு எடுத்தது. ஓரின் வாயைத் திறப்பதற்கு ஒரு மாதம் முன்பே. நாற்பது வருடத்தில் இரண்டாவது முறையாகச் சரியான அளவுப் பானையை வாங்கியிருந்தான்.

முதல் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தான். நன்றாக இருந்தது. அவன் காய்ச்சியதிலேயே இவ்வளவு நன்றாக வந்தது இல்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.