விதைக்குப் போன மதியச் சாப்பாடு

எழுபதுகளின் தொடக்கத்தில் எருத்தேன்பதிப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். சின்ன வகுப்புகள் மட்டும்தான். மதியத்துக்குப் பிள்ளைகளுக்கு மஞ்சள் மாவில் கிளறிய உப்புமா கொடுப்போம். எந்தக் கடல் தாண்டி வந்த மாவோ, மூட்டையைப் பிரித்தாலே சிக்கு வாடை அடிக்கும். ஒரு வருஷம் அதுவும் நின்றுபோனது. ஹெட்மாஸ்டர் மேலே எழுதிப் போட்டார், பதிலில்லை. பாதிப் பிள்ளைகள் ஆடு மேய்க்கப் போய்விட்டார்கள்.

எனக்கு முன்கோபம் உண்டு. மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் ஒப்பிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். அவளும் வராமல் போகவே நேராக வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அவள் அப்பா மானாவாரிக் காட்டை நம்பிப் பிழைப்பவர். "மத்தியானம் ஒரு வாய் கெடச்சா அனுப்பறேனுங்க டீச்சர். இல்லீன்னா ஆட்டுப் பொறகாலதான் போகோணுங்க" என்றார்.

சரி, அந்த ஒரு வாயை நாமே விளைவிப்போம் என்று கிளம்பினோம். பள்ளிக்குப் பின்னால் கிடந்த தரிசை ஊர்க்காரர்கள் உழுது கொடுத்தார்கள். புரட்டாசியில் பிள்ளைகளே கொள்ளு விதைத்தார்கள். செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தது அறிவியல் பாடம், வள்ளம் என்கிற அளவுபடியால் அளந்தது கணக்குப் பாடம். தையில் அடித்து எடுத்துப் பானைகளில் நிரப்பினோம். தினமும் மதியம் அவித்த கொள்ளும் ரசமும். அந்தப் பெண் திரும்பி வந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வருஷம் ஆடியும் ஆவணியும் சொட்டு விழாமல் போயின. வீடுகளில் விதைக்கென்று கட்டி வைத்ததெல்லாம் உலைக்குப் போய்விட்டது. பள்ளிப் பானைகளில் மட்டும் கொஞ்சம் கொள்ளு மிச்சமிருந்தது. புரட்டாசியில் ஒருநாள் நல்ல மழை. மறுநாள் காலை துண்டை ஏந்திக்கொண்டு ஊரே பள்ளி வாசலில் நின்றது. முன்னால் நின்றவர் அந்தப் பெண்ணின் அப்பா.

அந்த ஊரில் சாப்பாட்டுக்குக் கேட்டவரிடம்கூட இல்லையென்று சொல்லலாம். விதைக்கென்று துண்டேந்தி வந்தவரை வெறுங்கையாக அனுப்பக் கூடாது. அறுப்பு முடிந்ததும் கூட்டியே திருப்பித் தந்துவிடுவார்கள். ஹெட்மாஸ்டரும் அந்த ஊர்க்காரர்தான், மறுக்க மாட்டார். நான்தான் அவள் அப்பாவிடம் கத்தினேன். "இதையும் கொடுத்துட்டா நாளைக்கு உங்க புள்ள எதைத் திங்குமுங்க?"

அவருக்குக் கோபம் வரவில்லை. "மழை பேஞ்சிருக்குதுங்க டீச்சர். இப்ப வெதைக்கலீன்னா, இந்தப் பானை தீந்த பொறகு எல்லாரும் எதைத் திங்கறதுங்க?"

நான் பானைகளைத் திறந்துவிட்டேன். வள்ளத்தை எடுத்து வந்தது அந்தப் பெண்தான். தலை தட்டி அளக்கத்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அன்று அவள் ஒவ்வொரு துண்டிலும் குவித்து அளந்து போட்டாள். அப்பாவுக்கும் அதே அளவுதான்.

அதற்குப் பிறகு மழையே இல்லை. கொள்ளு முளைத்து இரண்டு இலை விட்டு அப்படியே நின்றது. பிள்ளைகள் குடத்தில் தண்ணீர் சுமந்து, பள்ளிக்குப் பின்னால் நாங்களும் விதைத்திருந்த காட்டுக்கு ஊற்றினார்கள். பள்ளிக் கிணறும் வற்றியது. ஊர் முழுக்கக் கருகிப் போனது. அந்தப் பெண்ணின் குடும்பம் கோயம்புத்தூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குக் கிளம்பியது. போகிற வழியில் அவள் மட்டும் உள்ளே ஓடிவந்து, "சூளைகிட்டப் பள்ளிக்கூடம் இருக்குங்களா டீச்சர்?" என்று கேட்டாள். இருக்கும் என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

அப்புறம்தான் மாவு மூட்டைகள் வந்தன. அன்று கிளறிய உப்புமாவில் பாதி, தின்னப் பிள்ளைகள் இல்லாமல் அண்டாவிலேயே கிடந்தது. நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

விதை முளைக்க என்னென்ன வேண்டும் என்ற பாடத்தை அதன் பிறகும் பல வருஷம் நடத்தினேன். மண், தண்ணீர், காற்று என்று பிள்ளைகள் வரிசையாகச் சொல்வார்கள். ஒரு மழை ஏமாற்றினால் வகுப்பில் யாருடைய இடம் காலியாகும் என்பதை மட்டும் நான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லை.